குதிரைச் சேதி: கீழைக்கரையில் ஒரு பழம்பேச்சின் வரலாறு

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில் என நீளும் ஊர்களின் பொருளியல் வரலாற்றை எழுதப் புகுவோர் நெல்லையும் மீனையும் தென்னையையும் எருமையையும் வண்டில் மாட்டையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். குதிரையைப் பற்றி எழுத ஒரு பக்கம் தேறுவதே கடினம். வயலும் களப்பும் மணலும் மாறி மாறி வரும் இந்நிலத்தில் உழவுக்கு எருமையும் பாரத்துக்கு மாடும் போதுமானவையாக இருந்தன. கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் ஊவாவுக்கும் கண்டி நாட்டுக்கும் ஏற்றிச் சென்று, பாக்கும் பிற மலைநாட்டுப் பண்டங்களும் கொண்டு திரும்பிய முஸ்லிம் வணிகர்களின் தவளம், அதாவது பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிச் செல்லும் வணிகக் கூட்டம், மேடு பள்ளம் பாராமல் காட்டுப் பாதையில் நடக்கும் மாட்டையே நம்பியிருந்தது. கொள்ளும் கவனிப்பும் கேட்கும் குதிரையை வாங்கிக் கட்டிப்போட அந்த வணிகருக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

எனினும் இக்கரையோரத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குதிரை அறியாத பிராணி அன்று. தமிழ்க் கோயில்களின் திருவிழாக்களில் வேட்டைத் திருவிழா என்றொரு நாள் உண்டு. அன்று சுவாமி வேட்டைக்குப் புறப்படுவதாக ஐதிகம் ஆகையால் குதிரை வாகனத்தில் எழுந்தருளுவார். முன்னங்கால் இரண்டையும் தூக்கி, கழுத்தை வளைத்து, விழி பிதுங்க நிற்கும் அந்த மரக்குதிரையைச் செதுக்கிய ஆசாரி உயிருள்ள குதிரையை அருகிருந்து பார்த்தாரா என்பது ஐயமே. ஆயினும் வாகனத்தைத் தோளில் சுமப்பவர்கள் நாலெட்டு ஓடி, நின்று, முன் தண்டை உயர்த்திப் பின் தண்டைத் தாழ்த்தி, மறுபடி ஓடும்போது, குதிரையின் நடையை உடலால் கற்றுவைத்திருக்கும் ஒரு மரபு அங்கே தெரிகிறது. முஸ்லிம் ஊர்களில் நபிகளாரின் விண்ணேற்றத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் புராக்கும், போர்க்களக் கதைகளில் பாயும் பரிகளும் அதே வேலையைச் செய்தன. குதிரை இல்லாத கரைக்குக் குதிரையைப் பற்றிய சேதி மட்டும் தடையின்றி வந்து சேர்ந்திருக்கிறது. அச்சேதியில் வியப்பு ஒரு பங்கு என்றால் வம்பும் கேலியும் இரண்டு பங்கு.

இந்தப் பேச்சின் மிகப் பழைய அடுக்கு சிங்கள பௌத்த மரபின் வரலாற்று நூலான மகாவம்சத்தில் கிடைக்கிறது. அனுராதபுரத்து அரசன் சூரதிஸ்ஸனை வென்று இருபத்திரண்டு ஆண்டுகள் நீதியோடு ஆண்டதாக அந்நூல் கூறும் சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் கடல்வழிக் குதிரை வணிகன் ஒருவனின் மக்கள் என்றே அங்கு அறிமுகப்படுத்தப்படுகின்றனர். வரலாற்றாசிரியர் இவ்வாட்சியைப் பொதுவாகக் கி.மு. 237 முதல் 215 வரை எனக் கணிப்பர். தீவில் ஆண்ட தமிழரைப் பற்றி மகாவம்சம் தரும் முதல் குறிப்பிலேயே குதிரைக் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. குதிரை தானாகப் பெருகாத நாட்டில் அதைக் கொண்டுவருபவன் வெறும் வியாபாரியாக நின்றுவிடுவதில்லை. அரண்மனைக்குள் நுழையும் உரிமையும், எந்த அரசனிடம் எத்தனை பரிகள் உள்ளன என்ற படை இரகசியமும் அவனுக்குத் தொழிலோடு சேர்ந்து கிடைத்துவிடுகின்றன.

மேலே சொன்ன ஊர்கள் அடங்கிய அம்பாறைக் கரைக்கு நெருக்கமானது அடுத்த கதை. இன்றைய அம்பாறை மாவட்டத்துத் தீகவாபி அமைந்த நிலம் அன்று உறுகுணை இராச்சியத்தின் பகுதி. அங்கு மாகமையிலிருந்து ஆண்டவன் காக்கவண்ணதீசன். பின்னாளில் அரசனான துட்டகைமுனுவைக் கருவுற்றிருந்த அவன் அரசி விகாரமகாதேவிக்கு மசக்கையில் எழுந்த ஆசைகள் எளியவை அல்ல. அனுராதபுரத்து நீர்ப்பூக்களைச் சூட வேண்டும், அங்கு ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனின் முதன்மை வீரனுடைய தலையை அறுத்த வாளைக் கழுவிய நீரைக் குடிக்க வேண்டும் என அவள் கேட்டதாக நூல் சொல்கிறது. இவற்றைக் கொண்டுவர அனுப்பப்பட்டவன் வேலுசுமணன். அவன் அனுராதபுரம் சென்று அரசனின் பட்டத்துக் குதிரையைப் பேணும் பாகனோடு நட்புக்கொண்டு, அவனுக்குப் பணிவிடை செய்து, நம்பிக்கையைப் பெற்றபின் ஒரு விடியற்காலையில் குதிரையை வெளியே நடத்திவந்து ஏறிக்கொண்டு, தன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுப் பாய்ந்தான். அரசன் தன் முதன்மை வீரனை இரண்டாவது சிறந்த குதிரையில் ஏற்றித் துரத்த அனுப்பினான். வேலுசுமணனோ வழியில் ஒரு புதருக்குள் குதிரைமீதே அமர்ந்தபடி மறைந்து வாளை நீட்டிப் பிடிக்க, துரத்தி வந்தவனின் வேகமே அவன் தலையைக் கொய்தது. மாலையில் இரண்டு குதிரைகளோடும் ஒரு தலையோடும் வேலுசுமணன் மாகமையை அடைந்தான் என்று கதை முடிகிறது. அனுராதபுரத்துக்கும் மாகமைக்கும் நேர்கோட்டிலேயே இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தூரம் உண்டு. ஒரே பகலில் அதை ஓடி முடித்த குதிரையை எந்தக் காலத்து நடுவரும் சோதனைக்கு அனுப்பாமல் விடமாட்டார்.

அதே வீரனைப் பற்றிய இன்னொரு செய்தி மேலும் நுட்பமானது. எவரையும் முதுகில் ஏற்றாத சிந்துதேசத்துக் குதிரை ஒன்று வேலுசுமணனைக் கண்டதும் தனக்கேற்றவன் வந்துவிட்டான் என்று கனைத்ததாகவும், அவன் ஏறி அதை வட்டமாக ஓட்டியபோது வட்டம் முழுவதும் ஒரே குதிரை நிறைந்திருப்பதுபோல் தோன்றியதாகவும், ஓட்டத்தின் நடுவே அவன் அச்சமின்றி மேலாடையை அவிழ்த்து மீண்டும் கட்டிக்கொண்டதாகவும் மகாவம்சம் வருணிக்கிறது. தமக்கு எதிரான தரப்பின் இலக்கியம் இது என்று தமிழ் வாசகர் ஒதுக்கிவிடக்கூடிய இப்பகுதியில் குதிரை அறிவு ஒன்று பொதிந்துள்ளது: முதலில் பாகனின் நட்பு, பிறகு குதிரையின் இசைவு, அதன் பின்னரே வேகம். இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பா இதே மூன்றையும் விதிகளோடு ஒரு விளையாட்டாக்கியது.

குதிரை கடல்வழி வந்திறங்கியதைச் சங்க இலக்கியத்துப் பட்டினப்பாலையும் குறிப்பிடுகிறது. ஆனால் குதிரை வணிகத்தை வம்புப் பேச்சாகவே கேட்க வேண்டுமானால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கு வரவேண்டும். தாமிரபரணி கடலோடு சேரும் இடத்தில் அமைந்த காயல் துறைமுகம் அப்போது பாண்டிய நாட்டின் குதிரை வாயிலாக இருந்தது. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்தும் ஓர்மூசிலிருந்தும் மரக்கலங்கள் அங்கு குதிரைகளை இறக்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் தரும் கணக்கின்படி ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் பாண்டிய நாட்டுக்கும் அண்டைத் துறைகளுக்கும் வந்தன. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். கீஷ் தீவின் அதிபராக விளங்கிய ஜமாலுத்தீன் இவ்வணிகத்தின் தலைவர். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடம் அமைச்சர் நிலையில் இருந்தார். வழியில் கடலில் இறந்துபோகும் குதிரைக்கும் விலை உண்டு என்பதே ஒப்பந்தம். விற்பவரின் சகோதரர் வாங்குபவரின் அமைச்சராக இருக்கும்போது எழுதப்பட்ட ஒப்பந்தம் வேறு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவரைக் குறைசொல்ல முடியாது.

1290களில் இக்கரையைப் பார்த்த வெனீசிய வணிகர் மார்க்கோ போலோ இதனினும் கடுமையான வம்பொன்றைப் பதிந்துள்ளார். பாண்டிய அரசர் சகோதரர் ஐவர் என்றும், அவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஈராயிரம் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். காரணம் பராமரிப்பின்மை. லாடம் அடிப்பவரும் குதிரை வைத்தியம் தெரிந்தவரும் அந்நாட்டில் இல்லை. அத்தகையோர் எவரும் கப்பலேறி வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டனர். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த ஆண்டும் சந்தை நடக்கும். சமைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்கு ஊட்டினார்கள் என்றும் போலோ சேர்த்துக்கொள்கிறார். வசாபின் சித்திரம் வேறு வகை: வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் கயிறும் முளையுமாகக் கட்டிப்போட்டு, வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்கவைத்து, பழக்கம் ஏதும் தராமல் அப்படியே படைவீரர் ஏறிப் பேய்போல் ஓட்டினர்; சில காலத்தில் எவ்வளவு வலிய குதிரையும் சோர்ந்து பயனற்றுப்போயிற்று. இரு வெளிநாட்டாரும் ஏளனத்தோடு எழுதியவர்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பாண்டியப் படையின் குதிரைகள் உண்மையிலேயே அவ்வளவு பயனற்றவையாக இருந்திருந்தால் அவர்களுடைய வெற்றிகளை விளக்க முடியாது. ஆயினும் வெப்பமும் ஈரமும் மிகுந்த கரையில், புல்வகை மாறிய நிலத்தில், பாலைவனக் குதிரை நீண்டகாலம் தாங்காது என்பது கால்நடை அறிவியலுக்கு ஒத்த செய்தியே. லாடக்காரனை வரவிடாமல் தடுத்த கதை மெய்யோ பொய்யோ, துறைமுகத்தில் அக்காலத்து மக்கள் எதைப் பேசிச் சிரித்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று.

அந்தச் சிரிப்பு தமிழரின் சமய இலக்கியத்துக்குள்ளும் புகுந்தது. குதிரை வாங்க அரசன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டதும், சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்ததும், இரவில் அவை மீண்டும் நரிகளாகி இலாயத்துப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறியதும் திருவிளையாடல் மரபில் எல்லோரும் அறிந்தவை. பக்தியின் பெருமையைச் சொல்லும் இக்கதைக்குள் குதிரைச் சந்தையில் ஏமாந்த ஒரு நாட்டின் நினைவும் ஒளிந்திருப்பதாகக் கொள்ள இடமுண்டு: பகலில் அங்க இலக்கணம் பார்த்து வாங்கியது விடிவதற்குள் வேறொன்றாகிவிடும் அனுபவம் குதிரை வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரிந்ததே. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பதும், குதிரை தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்தது என்பதும் தமிழர் வழக்கில் நிலைத்தன. குதிரை ஏறாத உழவரும் மீனவரும் இவற்றைச் சொல்கின்றனர். காயல் கரையின் மரக்காயர்களோடும் நாகூரோடும் இலங்கைக் கிழக்குக்கரை முஸ்லிம்கள் கொண்ட பிணைப்புக்குக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் கொடியேற்றம் இன்றும் சாட்சியாக உள்ளது. இரு கரைகளுக்கும் இடையே துணியும் சமயமும் கடந்த நீரிணையைக் கதைகளும் கடந்தன என்பதில் வியப்பில்லை. எதிர்த்திசையில் சென்றது யானை. ஒல்லாந்தர் காலத்தில் தீவின் காடுகளில் பிடிபட்ட யானைகள் யாழ்ப்பாணம்வரை நடத்திச் செல்லப்பட்டு, ஆண்டுச் சந்தையில் இந்திய வணிகருக்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையில் கப்பலேறின.

குதிரையை இறக்குமதி செய்வதை விட்டு இங்கேயே வளர்க்க முயன்றவர்கள் போர்த்துக்கேயரும் அவர்களை அடுத்து வந்த ஒல்லாந்தரும் ஆவர். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவை அவர்கள் குதிரைப் பண்ணையாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி அதைத் தொடர்ந்து நடத்தினார். பண்ணை கைவிடப்பட்டபின் கட்டாக்காலியாகிவிட்ட மட்டக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் பவளக்கல் வேலிகளுக்கிடையே இன்றும் மேய்கின்றன. கடும் வரட்சியில் நன்னீர் இன்றி அவை மடிவது அவ்வப்போது பத்திரிகைச் செய்தியாகிறது.

பிரித்தானியர் காலத்துக் குதிரை வம்புகளில் முதலிடம் சாமுவேல் பேக்கரின் பாகனுக்கே உரியது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற பேக்கர், அதற்கு முன் நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணை ஒன்றை நிறுவ விரும்பி 1848இல் கருவிகள், கால்நடைகள், வேட்டை நாய்கள், வேலையாட்கள் ஆகியவற்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர். தீவின் கிழக்குக் காடுகளிலும் விரிவாக வேட்டையாடியவர். 1855இல் வெளியான இலங்கை வாழ்க்கை பற்றிய நூலில் அவர் தம் பாகன் ஹென்றி பெர்க்ஸ் எழுதிய கடிதம் ஒன்றை எழுத்துப்பிழைகளோடு அப்படியே பதிப்பித்துள்ளார். மதுப்பிரியரான பெர்க்ஸ் மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டிவிட்டு, பள்ளம் ஒன்றும் அவ்வளவு ஆழமில்லை, எண்பது அடிதான் இருக்கும் என்று எசமானுக்கு ஆறுதல் சொல்கிறார். தாமும் கூடவே விழாதது தெய்வாதீனம் என்பதையும் மறக்காமல் சேர்க்கிறார். வண்டியை மீட்கக் கிடைத்த யானையையும் அவர் குதிரையை விரட்டுவதுபோல் விரட்ட, அதுவும் இறந்துபோயிற்று. கடிதத்தில் உள்ளூர்க் கூலியாட்களைக் குறித்து அவர் பயன்படுத்தும் சொல் இன்றைய வாசகரின் சிரிப்பை இடையிலேயே நிறுத்திவிடும். தூக்கமுடியாத வண்டியைத் தூக்க வந்த அந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தம் வீடுகளில் அன்றிரவு இதே சம்பவத்தை எவ்வாறு சொல்லிச் சிரித்தார்கள் என்பதை எந்த நூலும் பதிக்கவில்லை. குதிரை வரலாற்றில் எழுதப்பட்ட கேலி பெரும்பாலும் எசமானின் கேலியே.

அதே நூற்றாண்டில் குதிரைப் பந்தயம் ஒரு நிறுவனமாயிற்று. நுவரெலியாவில் 1875இல் பந்தயத் திடல் அமைந்தது. கொழும்பில் காலிமுகத்திடலில் நடந்த பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்துப் புதிய திடலுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் அத்திடலே விமான ஓடுதளமாகப் பயன்பட்டது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழுங்குபடுத்த 1930இல் கட்டளைச் சட்டம் ஒன்று வந்தது. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசின் காலத்தோடு கொழும்புப் பந்தயம் ஓய்ந்தது. நுவரெலியாவில் 1981இல் மீண்டும் தொடங்கி, ஏப்ரல் வசந்தகாலக் களியாட்டத்தின் அங்கமாயிற்று. விந்தை என்னவென்றால், உள்ளூர்க் குதிரை நின்றபின்னும் பந்தயப் பேச்சு நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகள்மீது இலங்கையில் பணம் கட்டுவது சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாகத் தொடர்ந்தது. எப்சம், அஸ்கட், நியூமார்க்கட் ஆகிய ஊர்களை ஒருபோதும் காணாத மனிதர் அவற்றின் தரை ஈரமா காய்ந்ததா என்றும், இன்ன ஜொக்கிக்கும் இன்ன பயிற்றுநருக்கும் சண்டையாம் என்றும் தேநீர்க் கடையில் விவாதித்தனர். கேள்விப்பட்ட குதிரைமீது பணம் வைப்பது கேள்விப்பட்ட குதிரையைப் பற்றிக் கதை சொல்வதிலிருந்து அதிகம் விலகியதன்று. இழப்பு மட்டும் உண்மையானது. சூதை விலக்கிய முஸ்லிம் ஊர்களில் இதற்குக் கிடைத்த கண்டிப்பான மறுப்பும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே. தமிழ்நாட்டில் 1777 தொட்டுப் பந்தயம் நடந்த கிண்டித் திடலும் இதே வழக்கைச் சந்தித்தது: 1974இல் சட்டமன்றம் பந்தயத்தைத் தடைசெய்ய இயற்றிய சட்டம் நீதிமன்றம் ஏற, 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் சார்ந்ததன்று எனத் தீர்ப்பளித்தது.

திறன் எது, அதிர்ஷ்டம் எது என்ற அதே கேள்வியை வேறு வழியில் சோதிப்பது ஈவென்டிங் எனப்படும் குதிரையேற்றப் போட்டி. ஒரே குதிரையும் ஒரே வீரரும் மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும்: முதலில் டிரஸ்ஸாஜ், அதாவது அடைத்த களத்தில் குறிப்பிட்ட நடைகளையும் வட்டங்களையும் பிசகின்றிச் செய்துகாட்டும் அடக்கச் சோதனை, அடுத்து வயல், காடு, நீர்நிலை ஆகியவற்றின் ஊடாக நிலையான தடைகளைத் தாண்டி நேர அளவுக்குள் ஓடும் கிராஸ் கன்ட்ரி, இறுதியில் தொட்டால் விழும் கம்பங்களைத் தாண்டும் பாய்ச்சல் சோதனை. முந்தியநாள் களைத்த குதிரை மறுநாள் எவ்வளவு கவனமாகக் காலைத் தூக்குகிறது என்பதையே மூன்றாவது கட்டம் அளக்கிறது. வேலுசுமணன் கதையிலுள்ள வட்ட ஓட்டமும் நெடும்பாய்ச்சலும் இங்கே புள்ளிக்கணக்காகின்றன. படைக்குதிரையின் தகுதியை அறிய 1902இல் பிரான்சில் நடந்த போட்டியிலிருந்து வளர்ந்த இது, 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்ணொருவர் பங்கேற்க 1964 டோக்கியோவில் அமெரிக்காவின் லானா டூ பான்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1949இல் தொடங்கிய பாட்மின்டன் போட்டி அவ்விளையாட்டின் தலைமைத் திருவிழாவாயிற்று; இறகுப்பந்துக்குப் பெயர் தந்ததும் அதே மாளிகைதான்.

இவ்விளையாட்டின் செவிவழிச் செய்திகளில் பல விழுதலைச் சுற்றியே சுழல்கின்றன. 1936 பெர்லினில் குளத்துத் தடை ஒன்று வீரர்களை வரிசையாக நீரில் தள்ளியது. காறை எலும்பு முறிந்த ஜேர்மன் வீரர் வாங்கன்ஹைம் மறுநாளும் ஏறி, மீண்டும் விழுந்து, எழுந்து, தம் அணிக்குத் தங்கத்தைக் காத்தார். 1960 ரோமில் ஆஸ்திரேலியாவின் பில் ராய்கிராப்ட் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்துவந்து அதையே செய்தார். 1995 பாட்மின்டனில் நியூசிலாந்தின் மார்க் டோட் அங்கவடி ஒன்று அறுந்தபின் ஓட்டத்தின் பெரும்பகுதியை ஒற்றை அங்கவடியில் முடித்தார். அரச குடும்பம் புகுந்தபின் வம்புக்குப் பஞ்சமில்லை: 1971இல் ஐரோப்பியப் பட்டம் வென்ற இளவரசி ஆன் 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலும் ஓட்டினார், அவருடைய மகள் சாரா பிலிப்ஸ் 2012 இலண்டனில் அணி வெள்ளி பெற்றபோது பதக்கத்தை அணிவித்தவர் தாயே. எல்லாவற்றிலும் கசப்பான கதை 2004 ஏதென்ஸினுடையது. ஜேர்மனியின் பெட்டினா ஹோய் பாய்ச்சல் சோதனையில் தொடக்கக் கோட்டை இருமுறை கடந்துவிட, நேரக் கணக்கு எப்போது தொடங்கியது என்ற சிறு கேள்வி விளையாட்டு நடுவர் நீதிமன்றம்வரை சென்றது. கழுத்தில் விழுந்த தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் கைமாறின. குதிரை பிழையேதும் செய்யவில்லை.

தென்னாசியாவில் இவ்விளையாட்டின் சுவடு பெரும்பாலும் படை முகாம்களிலேயே உள்ளது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றம் முதன்முறை சேர்க்கப்பட்டபோது ஈவென்டிங்கில் ரகுபீர் சிங் தங்கமும், குலாம் முகமது கான் வெள்ளியும், பிரகலாத் சிங் வெண்கலமும் வென்றதோடு அணித் தங்கமும் இந்தியாவுக்கே கிடைத்தது. அதன்பின் தனிநபர் பதக்கத்துக்கு இந்தியா 36 ஆண்டுகள் காத்திருந்தது. 2018 ஜகார்த்தாவில் பெங்களூரைச் சேர்ந்த பவாத் மிர்சா வெள்ளி வென்றார். அவரைப் பயிற்றுவித்தவர் பெட்டினா ஹோய். மிர்சா ஏறிய செய்னியர் மெடிக்காட் என்னும் குதிரை முன்பு ஹோய் ஓட்டியது. ஏதென்ஸில் தங்கத்தை இழந்தவரின் கைபட்ட குதிரை ஆசியப் பதக்கமொன்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதே குதிரையில் மிர்சா டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதிப் பாய்ச்சல் சுற்றில் ஓடி 23ஆம் இடம் பெற்றார். ஐரோப்பிய வளர்ப்பு, ஐரோப்பியப் பயிற்சி, இந்தியச் செல்வரின் பணம், இந்திய வீரர் என்ற இந்தச் சேர்க்கையைக் காயல் துறைமுகத்து வணிகர் எவரும் புரிந்துகொள்வர். மாறியிருப்பது ஒன்றே: லாடக்காரரையும் வைத்தியரையும் பாகரையும் இன்று எவரும் தடுப்பதில்லை, குதிரையோடு விமானத்தில் அவர்களும் பறக்கின்றனர்.

இலங்கைக்கும் டோக்கியோவில் ஒரு குதிரை இருந்தது. இலங்கையில் பிறந்து சுவீடனில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த மத்தில்டா கார்ல்சன், சோப்பான் என்னும் குதிரையில் ஏறிப் பாய்ச்சல் போட்டியில் தீவைப் பிரதிநிதித்துவம் செய்தார். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இலங்கைக் கொடிக்கு அது முதல் தடவை. அவர் தகுதி பெற்ற வழியும் வம்பின்றி அமையவில்லை. பிரான்சில் நடந்த சில போட்டிகளில் ஈட்டிய தரவரிசைப் புள்ளிகளைச் சர்வதேசச் சம்மேளனம் செல்லாதவை என அறிவித்ததால் கைக்கு வந்த இடம் பறிபோய், பின்னரே மீண்டும் கிடைத்தது. தகுதிச் சுற்றோடு அவருடைய ஒலிம்பிக் ஓட்டம் முடிந்தது. கம்பங்களைத் தாண்டிய சில நிமிடங்களைவிடப் புள்ளிகளைப் பற்றிய வாதம் பல மாதங்கள் நீண்டது.